பின்னால் வரும் வீடு – 9: யாருடைய உயரம்?

"நான் ஒரு டிரெய்லர் வாங்கப் போறேன்" என்று தண்ணீர் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, அம்மா எழுந்து தன் தட்டைக் கழுவப் போன இடத்தில் போன வாரம் நிறுத்தினேன். மேஜையில் மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் அவர்களை அப்படி வைத்திருந்தால் பாவம் பிடிக்கும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வரி. பெரியவள் பல் டாக்டர். சின்னவன் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பிரிவில் மேற்பார்வையாளன். அம்மா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதோ இல்லையோ, இழுத்தால் நீளும் இரும்பு டேப் ஒன்று கட்டாயம் இருக்கும். அப்பா போய்ச் சில வருடம் ஆகிறது. பெரியவள் கல்யாணம் முறிந்து அம்மா வீட்டுக்கே திரும்பி வந்ததும் அதற்குப் பிறகுதான்.

அம்மா கேட்பது பெரிய வண்டியல்ல. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற பெட்டி வண்டி. உள்ளே மடித்து வைத்த டென்ட், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. ரோடு முடிகிற இடத்திலும் முடங்காமல் போக வேண்டும், நின்ற இடத்தில் விரித்தால் வீடாக வேண்டும்.

அறுபதைத் தொட்ட தாய் டென்ட் அடிக்கக் கிளம்பினால் பிள்ளைகள் பதறுவது நியாயம்தான். ஆனால் சின்னவனின் பதற்றத்துக்குக் காரணம் வேறு. அம்மா போனில் டிரெய்லர்காரரிடம் பேசியது அவன் காதில் விழுந்துவிட்டது. "ரெண்டு பேர் தாராளமா படுக்கணும்" என்றாளாம்.

"அந்த ரெண்டாவது ஆள் யாருக்கா?" என்று அவன் அன்றே பெரியவளைச் சமையலறை மூலையில் மடக்கினான்.

"எனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும். தொப்பிக்காரர்."

அம்மா காலையில் நீந்தப் போகிற குளத்துக்கு ஒருவர் வருவார். தண்ணீரில் இறங்கும்போதும் தொப்பியைக் கழற்ற மாட்டார். அம்மாவிடம் அவர் இதுவரை பேசியது வானிலையைப் பற்றி மட்டும். சின்னவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

"நீ கூடப் போய் நூல் விட்டுப் பாரு. நான் வந்தா அம்மா உஷாராயிடும்" என்றான். அதனால்தான் இந்தச் சனிக்கிழமை காலை, கிளினிக்குக்கு வர இருந்தவர்களையெல்லாம் மதியத்துக்கு மாற்றிவிட்டு, பெரியவள் கார்ச் சாவியோடு வாசலில் நின்றாள்.

"நீ எதுக்கு? நானே போயிட்டு வந்துடுவேன்" என்றாள் அம்மா.

"தனியா போனா எதையாவது தலையில கட்டி அனுப்பிடுவாங்க."

"என் தலையிலயா?" என்று அம்மா சிரித்தாள். ஆனாலும் ஏறி உட்கார்ந்த பிறகு சீட் பெல்ட்டைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். "சாயங்காலம் வரைக்கும் இருக்க மாட்டேல்ல? கிளினிக் இருக்கே" என்று கேட்டாள். பெரியவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாதி வழியில் சின்னவனின் போன் காரின் ஸ்பீக்கரில் அலறியது.

"அக்கா, பெட்டி திறந்தாச்சா?"

"இல்ல. இன்னும் பூட்டித்தான் இருக்கு."

"என்ன பெட்டி?" என்றாள் அம்மா.

"ஏர்போர்ட் பெட்டிம்மா" என்றான் சின்னவன்.

"சனிக்கிழமை உனக்கு லீவாச்சே" என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன் தானாகவே அணைந்துவிட்டது.

*

டிரெய்லர் விற்கிற இடம் ஊரைத் தாண்டி, லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஜல்லி மைதானம். ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஷெட். அதன் சொந்தக்காரர் தொப்பையும் நல்ல மனசும் உள்ளவர். ஒவ்வொரு வண்டியையும் அறிமுகப்படுத்தும்போது அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். எந்தப் பொருளையும் குறை சொல்லத் தெரியாது. துரு பிடித்திருந்தால் "இரும்பு அசல்னு அதுலயே தெரியுதுல்ல" என்பார்.

அம்மாவிடம் அது பலிக்கவில்லை. வந்ததும் வராததுமாக ஒரு வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துவிட்டாள். அச்சுக்கும் தரைக்கும் நடுவே டேப்பை நீட்டினாள்.

"இது பாறையில இடிக்கும்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"இடிக்காதும்மா. மேல ஏறிப் போயிடும்."

"வயித்துல இடிச்சுட்டு எப்படி மேல ஏறும்?"

ஷெட்காரர் சத்தமில்லாமல் அடுத்த வண்டியிடம் நடந்தார். அம்மா எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, பெரியவளுக்குத் தெரியாமல், வாசல் கேட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

இந்தக் குடும்பத்தின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இவர்கள் எதையும் பார்த்து வாங்க மாட்டார்கள், வாழ்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். அப்பா தொடங்கி வைத்தது. கட்டில் வாங்கப் போனால் கடையிலேயே படுத்து, போர்வை போர்த்தி, புரண்டு பார்ப்பார். ஒரு தடவை நிஜமாகவே தூங்கிப்போய், கடையில் வேலை பார்த்த பெண் அவரைச் சுற்றிப் பெருக்கியிருக்கிறாள். சாப்பாட்டு மேஜை என்றால் நாலு பேரும் உட்கார்ந்து இல்லாத சோற்றைப் பிசைந்து, இல்லாத சண்டையைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரியவள் கூச்சத்தில் நெளிந்த கடைகளுக்குக் கணக்கில்லை. அப்பா போன பிறகு அம்மா அந்த வழக்கத்தை விட்டுவிடுவாள் என்று நினைத்தாள். அம்மா விடவில்லை.

ஷெட்காரர் அலுத்து முடிப்பதற்குள் இரண்டு வண்டிகள் மிஞ்சின.

ஒன்று ஏணி வண்டி. கச்சிதமான இரும்புப் பெட்டி, தடித்த டயர்கள், பெட்டியின் கூரைமேல் டென்ட். ஏணியை இழுத்துவிட்டு மேலே ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று மூடி வண்டி. அது கொஞ்சம் கனம். பெட்டியின் மூடியைப் பின்பக்கமாகத் திருப்பிக் கவிழ்த்தால் அதுவே பலகைத் தரையாகும், அதன்மேல் டென்ட் எழுந்து நிற்கும். தனியாக எடுத்து வைக்கிற இரண்டு தாழ்ந்த படி ஏறி உள்ளே நடந்து போகலாம். பக்கவாட்டில் இழுத்தால் அடுப்பும் குழாயும் வெளியே வரும்.

"ரெண்டுக்கும் கொக்கி ஒண்ணுதான்" என்று ஷெட்காரர் தட்டினார். "எந்தப் பக்கமும் சுழலும். பள்ளத்துல கார் ஒரு பக்கம் சாஞ்சாலும் இது அதுபாட்டுக்கு நேரா வரும்."

அம்மா ஏணி வண்டியில்தான் முதலில் ஏறினாள். அறுபது வயது என்று சொன்னது யார் என்று கேட்கிற மாதிரி விறுவிறுவென்று ஏறிப் போய், மெத்தையில் குப்புறப் படுத்து, வலைஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள். மைதானம், பட்டறைகள், அதற்கப்பால் வெறும் பாறைக் குன்று.

"நீயும் வா" என்றாள்.

பெரியவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறிப் பக்கத்தில் படுத்தாள். புதுக் கான்வாஸ் வாசனை மூக்கில் ஏறியது.

"அந்தக் குன்று மாதிரி எத்தனை குன்றுல கல் நட்டிருப்பேன்" என்றாள் அம்மா. "கம்பியைத் தூக்கிட்டு ஏறி, அளந்து, எழுதி, பொழுது சாயறதுக்குள்ள ஜீப்புல ஏறிடணும். வீட்டுல நீங்க ரெண்டு பேரும் காத்திருப்பீங்க. ஒரு இடத்துல கூட இருட்டின பிறகு எப்படி இருக்கும்னு நான் பார்த்ததில்லை."

வாசலில் நின்று ஜீப் சத்தத்துக்குக் காது கொடுத்த சாயங்காலங்கள் பெரியவளுக்கும் ஞாபகம் இருந்தன. அந்த ஜீப்பில் வந்தவள் எதை விட்டுவிட்டு வந்தாள் என்று அப்போது யோசிக்கத் தோன்றியதில்லை.

"அப்போ இதையே எடுத்துக்கோம்மா. மூஞ்சியிலயே தெரியுது, இதுதான் பிடிச்சிருக்கு."

அம்மா ஜன்னல் வலையை மெதுவாக மூடினாள். "பிடிச்சிருக்கு. ஆனா வேண்டாம்."

"ஏன்?"

"ஏணி இருக்கு."

"நீதான் அணில் மாதிரி ஏறினியே."

"நான் ஏறினேன்" என்றாள் அம்மா. இறங்கிப் போய்விட்டாள்.

பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஆக, ஏற முடியாத ஒரு ஆள். தொப்பிக்காரர் குளத்துப் படியில் எப்படி இறங்குவார் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு தடவை அம்மாவைக் கூப்பிடப் போனபோது பார்த்திருக்கிறாள். பையன் மாதிரி துள்ளி இறங்கினார் மனுஷன்.

*

மூடி வண்டிக்குள் அம்மா வேறு ஆளாக இருந்தாள். அவசரமில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். டென்டின் நடுக்கம்பியில் டேப்பை வைத்துத் தரையிலிருந்து மேலே இழுத்தாள். தன் தலையைத் தாண்டியும் இழுத்தாள். குதிகாலைத் தூக்கி, கையை நீட்டி, இன்னும் மேலே ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்து நிறுத்தினாள்.

அம்மா குள்ளம். அலமாரியின் மேல் தட்டு எதுவானாலும் "பெரியவளே" என்றுதான் கூப்பிடுவாள். நாளெல்லாம் அளந்து பிழைத்தவளுக்குத் தன் உயரம் மறந்துபோக வழியில்லை.

"குனியாம நிக்கலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தொப்பிக்காரரும் குள்ளம்தான். பெரியவள் மனதில் அவர் பெயரை மொத்தமாக அடித்துவிட்டாள்.

"இந்தப் பலகை வலது பக்கமா திறக்குதே" என்றாள் அம்மா வெளியே வந்து. அடுப்போடு சேர்ந்து நீளும் காய் நறுக்குகிற பலகை. "இதை இடது பக்கமா மாத்தி மாட்ட முடியுமா?"

"தாராளமா மாட்டலாம்" என்றார் ஷெட்காரர். "உங்களுக்கு இடது கை பழக்கமா?"

"இல்லை" என்றாள் அம்மா.

நெட்டை. இடது கை. ஏணி ஏற முடியாது. பெரியவளுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அதை அவள் வெளியே வர விடவில்லை. உலகத்தில் நெட்டையான இடதுகைக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று தனக்கே சமாதானம் சொன்னாள்.

பிறகு அம்மா படி ஏறிப் பார்த்தாள்.

தான் ஏறுகிற மாதிரி ஏறவில்லை. படிக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். வலது கையால் கைப்பிடியைப் பிடித்தாள். இடது காலை முதலில் வைத்து, வலது காலை மடக்காமல் ஒரு வீச்சு வீசிப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அடுத்த படி. இடது கால், வீச்சு. ஏறி முடித்ததும் உதட்டைக் குவித்து "ஹ்ம்" என்று மூக்கால் ஒரு சின்னச் சத்தம் போட்டாள். வேலை முடிந்தது என்பதற்கான சத்தம்.

அம்மா தெரிந்து செய்தாளா, கால் தானாகச் செய்ததா, தெரியாது. வாழ்ந்து பார்த்து வாங்குகிற குடும்பம். யார் வாழப் போகிறார்களோ அவர்களாகவே ஆகிவிட்டாள்.

அந்த "ஹ்ம்"மை புகுந்த வீட்டு மாடிப்படியில் ஒருவர் ஏறி வரும்போதெல்லாம் நாலு வருடம் கேட்டவள் பெரியவள். கதவு திறக்கும் முன்பே அது கேட்கும். அவள் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று ஷெட்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் டென்டின் ஜிப்பை இழுத்து மூடினாள். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"அத்தையா?" என்றாள் பெரியவள்.

அம்மா கைப்பிடித்த கம்பியை விடவில்லை. "ம்" என்றாள்.

*

பழைய வாசகர்களுக்கு அத்தையைத் தெரியும். பெரியவளின் மாமியார். மயக்க மருந்து டாக்டர். நெட்டையான, அதிகம் பேசாத, செயற்கை முட்டி வைத்தும் மடங்காத கால் கொண்ட, பேனாவை இடது கையில் பிடிக்கிற பெண்மணி. 'ஆளை மயக்கத் தெரியாத மயக்க டாக்டர்' என்று சின்னவன் கேலி செய்வான். அந்த வீட்டைவிட்டு வந்த அன்று பெரியவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அந்த வீட்டுப் பேச்சு இந்த வீட்டில் வரக்கூடாது. அம்மா தலையாட்டினாள். இன்றுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை.

"எவ்வளவு நாளா?"

"உன் சாமானெல்லாம் எடுத்துட்டு வரப் போனேனே, அன்னிலேர்ந்து மறுபடியும். சண்டை போடத்தான் போனேன். கேக்க வேண்டியதெல்லாம் வரிசையா யோசிச்சு வச்சிருந்தேன். கதவைத் திறந்ததும் அவங்க அழுதுட்டாங்க. அப்புறம் எனக்கு ஒண்ணும் வரலை."

"அந்தப் பேச்சே வேண்டாம்னு சொன்னேன்லம்மா."

"உன்கிட்ட பேசினேனா? ஒரு வார்த்தை? அவங்ககிட்ட பேச மாட்டேன்னு நான் சொல்லலையே."

"வக்கீல் மாதிரி பேசாதே." பெரியவள் மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஊர்ல உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைக்கலை" என்றாள் அம்மா. குரலில் கோபமில்லை. "இந்த வயசுல யாருடி கிடைப்பா? உங்கப்பா போனப்ப எல்லாரும் வந்தாங்க. 'எதுவானாலும் சொல்லுங்க'ன்னாங்க. போயிட்டாங்க. இவங்க அப்படி ஒண்ணும் சொல்லலை. ஞாயித்துக்கிழமையானா போன் மட்டும் வரும். 'சாப்ட்டீங்களா'ம்பாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேசாமலே இருப்போம். போனை வைக்கவும் மாட்டாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது. நடுவுல உங்களுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு. அதுக்காக அவங்களை நான் எங்க கொண்டு போய் விடுறது?"

கல்யாணம் முறிந்தால் புருஷன் முன்னாள் புருஷன் ஆகிவிடுகிறான். சம்பந்தியம்மாவுக்கு அப்படி ஒரு முன்னொட்டை யாரும் வைக்கவில்லை. அம்மா இப்போதும் போனில் "என்ன சம்பந்தி" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

"அவங்களும் ராத்திரியைப் பார்த்ததில்லை" என்றாள் அம்மா தணிந்த குரலில். "முப்பது வருஷம் ராத்திரின்னா ஆபரேஷன் தியேட்டர் விளக்குதான் அவங்களுக்கு. பேச்சுவாக்குல சொன்னாங்க. அப்பதான் எனக்கு இந்த எண்ணமே வந்தது."

பெரியவள் தரைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு. அது வாய்க்கு வந்த பிறகுதான் என்னவென்று அவளுக்கே புரிந்தது.

"எனக்கும் அவங்களைப் பிடிக்கும்மா" என்றாள். "அவனை விட்டு வந்தது ஆறிப்போச்சு. நிஜமா ஆறிப்போச்சு. அத்தையை விட்டு வந்ததுதான் ஆறலை. பேசினா அந்த வீட்டை விட்டு வெளிய வரவே முடியாதுன்னு நெனச்சு, பல்லைக் கடிச்சுட்டு விட்டேன். அவங்க பொறந்தநாளுக்குக்கூடப் போன் பண்ணலை. நான் விட்டதை நீ கமுக்கமா எடுத்து வச்சுக்கிட்டே. எனக்குப் பொறாமையா இருக்கு. போதுமா?"

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் முதுகில் கையை வைத்தாள்.

"எனக்குத் தெரியலைடி. நீ அவங்களை வெறுக்கிறேன்னுல்ல நெனச்சேன்."

"அந்தப் பேச்சே வேண்டாம்னு சொன்னா உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பெரியவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

வெளியே ஷெட்காரர் இருமினார். சூசகமான இருமல்தான்.

அம்மா எழுந்தாள். டேப்பைக் கைப்பைக்குள் போட்டாள். "சரி. ஏணி வண்டியையே எடுத்துக்கிறேன். எனக்குப் பிடிச்சதும் அதுதான். தனியா போயிட்டு வரேன். அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன், புரிஞ்சுப்பாங்க" என்றாள். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. நிஜமாகவே விட்டுக்கொடுத்துவிட்டாள். அது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

*

பெரியவளுக்கு முதலில் ஒரு நிம்மதி வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அம்மாவுக்குப் பிடித்த வண்டி அம்மாவுக்கு. பழைய வீட்டோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. மதியத்துக்குள் கிளினிக்குக்கும் போய்விடலாம். ஷெட்காரரும் ஏணி வண்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "நல்ல முடிவு" என்றார். மூடி வண்டியை எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

"இன்னொரு தடவை ஏறிப் படுத்துப் பாரும்மா" என்றாள் பெரியவள். "தனியா படுத்தா எப்படி இருக்குன்னு பாரு. வாங்கறதுக்கு முன்னாடி பார்க்கணும்ல."

அம்மா ஏறினாள். இந்தத் தடவை அணில் மாதிரி இல்லை. பெரியவளும் ஏணியில் பாதி ஏறி நின்று எட்டிப் பார்த்தாள்.

அகலமான மெத்தை. வேண்டிய மட்டும் கை காலை நீட்டிப் படுக்கலாம். அம்மா அதன் ஒரு ஓரத்தில், கான்வாஸ் சுவரை ஒட்டி, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாசல் பக்கம் பாதி மெத்தை வெறுமனே கிடந்தது. அத்தைக்கு மூடிய இடத்தில் தூக்கம் வராது, காற்று முகத்தில் படவேண்டும், எப்போதும் வாசல் பக்கம்தான் படுப்பாள். அது பெரியவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு வந்தவளுக்கு நடுவில் படுக்க உடம்பு வரவில்லை.

"எப்படி இருக்கும்மா?"

"நல்லா இருக்கு" என்றாள் அம்மா சுவரைப் பார்த்தபடி. "தாராளமா இருக்கு."

பெரியவள் ஏணியிலிருந்து இறங்கினாள். ஜல்லியில் வெறுங்காலோடு நேரே ஷெட்காரரிடம் போனாள்.

"மூடி வண்டியை எடுத்துக்கிறோம். பலகையை இடது பக்கமா மாத்திடுங்க. அப்புறம், அந்தக் கைப்பிடிக் கம்பி ஆடுது. இறுக்கி வைங்க. ஒரு ஆள் முழு கனத்தையும் அதுலதான் போடுவாங்க."

"ஏணி வண்டின்னு சொன்னீங்களே?"

"அது வேற ஒருத்தர் சொன்னது."

மேலே வலைஜன்னல் திறந்தது. அம்மாவின் முகம் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையும் எடுக்கவில்லை.

"நான் அந்த வீட்டுப் பக்கம் வர மாட்டேன்" என்று பெரியவள் கீழிருந்து சொன்னாள். "இப்ப முடியாது. எப்ப முடியும்னும் தெரியலை. ஆனா நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. போன் சிக்னல் கிடைக்கிற இடத்துல நின்னு எனக்குச் சொல்லணும்."

"சரி" என்றாள் அம்மா. குழந்தை சொல்வது போலிருந்தது.

ஷெட்காரர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரிம்மா. இதை எது இழுக்கும்? நீங்க வந்த கார் இழுக்காது. இது கனம். கொக்கியை எந்த வண்டியில மாட்டப் போறீங்கன்னு பார்க்காம நான் குடுக்க மாட்டேன்."

இதுவரை அந்த மனிதர் கேட்ட உருப்படியான கேள்வி அதுதான். பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலிலிருந்து மறைந்து, விறுவிறுவென்று ஏணியில் இறங்கினாள்.

"நீ கிளினிக்குக்குக் கிளம்பு. நேரமாச்சு."

"நேரமாகலை. வண்டி யாருதும்மா?"

"அவங்க வீட்டுது" என்றாள் அம்மா. "சும்மாதான் நிக்குதாம். ஓட்டப்போறது நான்தான், ஜீப் ஓட்டின கைதானே. கொக்கி பொருந்துதான்னு பார்க்க ஒரு டிரைவரை வச்சு எடுத்துட்டு வர்றேன்னாங்க. சாயங்காலம்தான்னு சொன்னாங்க. அதான் உன்னை..."

சொல்லி முடிக்கவில்லை. கேட்டில் ஹாரன் சத்தம் கேட்டது.

கரும்பச்சை ஜீப். பின் கதவில் நெளிந்த ஒரு சொட்டை. அந்தச் சொட்டையைப் போட்டது பெரியவள்தான், கல்யாணமான புதிதில், பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்து. சாயங்காலம் என்றவர்கள் மதியத்துக்கு முன்பே வந்து நிற்கிறார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாதது யாரோ.

ஜல்லி நொறுங்க வண்டி உள்ளே வந்து திரும்பி நின்றது. கண்ணாடியில் வெயில் அடித்தது. ஓட்டியவர் முகம் தெரியவில்லை. ஸ்டியரிங்கில் பிடித்திருந்த கைகள் மட்டும் தெரிந்தன. ஆனால் அந்த ஜீப்பின் முரட்டுக் கியரைச் சத்தமில்லாமல் போட்டு இப்படி ஒரே வளைவில் நிறுத்தத் தெரிந்த ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். கூலிக்கு வந்த டிரைவர் யாரும் அதைச் செய்ய மாட்டான்.

அம்மாவும் அந்தப் பக்கம் பார்த்தாள். "எனக்குச் சத்தியமா தெரியாதுடி" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பொய் சொல்லவில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவு திறக்கவில்லை.

இந்தப் பக்கக் கதவு திறந்தது. முதலில் ஒரு கை வந்து மேல்விளிம்பைப் பிடித்தது. இடது கை. பிறகு மடங்காத ஒரு கால் நேராக வெளியே நீண்டு, தரையைத் தேடி, எட்டாமல் அந்தரத்தில் நின்றது.

என்ன செய்கிறோம் என்று பெரியவள் யோசிக்கவில்லை. மூடி வண்டியின் வாசலில் கிடந்த தாழ்ந்த படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, காலில் ஜல்லி குத்த ஓடி, அந்தப் பாதத்துக்குக் கீழே சரியாக வைத்தாள்.

"மெதுவா, அத்தை" என்றாள்.